தாளுக்கு ஒரு எண் போடு, தங்கச்சி!

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, இதையெல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். கிரயப் பத்திரங்கள், ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகைகள், பினாங்கிலிருந்து வந்த கடிதங்கள், யாரென்றே தெரியாத நாலு பேர் விறைத்து நிற்கும் ஸ்டுடியோ போட்டோ. அப்பா வழித் தாள்களை வைத்துக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னது பாதிதான். மீதியை நிதானமாக எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தப்பு, ஆளுக்கு ஒரு ஃபைல் போட்டது. தாத்தாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. முதல் வாரம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் பாகப்பிரிவினைப் பத்திரம் கையில் வந்தது. அதில் அண்ணன் தம்பி நாலு பேர். யார் ஃபைலில் வைப்பது? நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலிலும் வைத்தேன். ஒரு ஜெராக்ஸில் பெரியப்பா பேனாவால் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். எந்த ஜெராக்ஸில் என்பது ஆறு மாதம் கழித்து எனக்கே தெரியவில்லை. நீ இந்த வழியில் போகவே போகாதே. ஒரு தாள் ஒருவருக்குச் சொந்தமானது இல்லை. அதனால் தாளை ஆள் பார்த்துப் பிரிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். கைக்கு வரும் தாளுக்கு, வந்த வரிசையிலேயே, ஒரு எண் கொடு. 0001, 0002, 0003. பின்பக்கம் ஓரத்தில், 2பி பென்சிலால், அழுத்தாமல். பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். நாலு இலக்கமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் 2, 10 என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் சில மென்பொருள்கள் 10-ஐ 2-க்கு முன்னால் அடுக்கிவிடும். எண்ணுக்குள் அர்த்தம் எதையும் திணிக்காதே. 'நிலம்-தாத்தா-3' என்று வைத்தால், அது தாத்தா வாங்கியது இல்லை, அவர் அப்பா வாங்கியது என்று நாளைக்குத் தெரியவரும்போது என்ன செய்வாய்? அர்த்தமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். தாளில் எண் மட்டும் போதும். பல பக்கக் கடிதம் என்றால் ஒரே எண், பிறகு 0042-1, 0042-2. போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய். ஸ்டுடியோ முத்திரையும் பாட்டி எழுதிய இரண்டு வார்த்தையும் அங்கேதான் இருக்கும்.

ஸ்கேன் செய்த படத்துக்கும் அதே எண்தான் பெயர். பத்திரம், கடிதத்துக்கு 300 டிபிஐ போதும், சின்ன போட்டோக்களுக்கு 600 வை.

இனி மென்பொருள். உனக்கு எக்செல் பழக்கம், அதிலேயே போடலாமா என்று கேட்டாய். முதல் ஐம்பது தாளுக்குப் போடலாம். அதற்கு மேல் போனால் 'யார் யார்' என்ற கட்டத்துக்குள் ஏழு பெயரைக் கமா போட்டு அடைக்க ஆரம்பிப்பாய். ஒரு இடத்தில் 'பெரிய தாத்தா', இன்னொரு இடத்தில் அவர் பெயர், மூன்றாவது இடத்தில் 'பினாங்கு தாத்தா'. மூன்றும் ஒரே ஆள் என்று எக்செலுக்குத் தெரியாது. இதற்குத்தான் டேட்டாபேஸ். லிப்ரே ஆபிஸ் இலவசம், அதோடு பேஸ் என்ற டேட்டாபேஸும் சேர்ந்தே வரும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அதில் முதலில் மூன்று அட்டவணை போடு. முதலாவது 'தாள்'. எண், என்ன வகை, தேதி, ஊர், இரண்டு வரிச் சுருக்கம், மூலத்தாள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது. இரண்டாவது 'ஆள்'. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா எண், அம்மா எண். மூன்றாவதுதான் உயிர். அதற்கு நான் வைத்த பெயர் 'தொடர்பு'. ஒரு வரியில் நாலே விவரம்: தாள் எண், ஆள் எண், அந்தத் தாளில் அவர் என்னவாக வருகிறார், அவர் பெயர் அதில் எப்படி எழுதியிருக்கிறது. பாகப்பிரிவினையில் நாலு அண்ணன் தம்பி, இரண்டு சாட்சி என்றால் இந்த அட்டவணையில் ஆறு வரி. தாள் ஒரே இடத்தில் இருக்கும், ஆறு பேர் வழியாகவும் அதைத் தொடலாம்.

'என்னவாக' என்ற கட்டத்தை அலட்சியமாக விட்டுவிடாதே. பழைய பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரைப் பற்றியும் இன்னார் குமாரர், இன்ன கிராமம், இன்ன தொழில் என்று சொல்லியிருக்கும். அதெல்லாம் கண்ணில் படும். கடைசிப் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்துகளை நாம் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தேன். 1951-ல் தாத்தா நிலம் வாங்கிய பத்திரத்தில் ஒரு சாட்சி. யாரென்று தெரியாது. 'ஆள்' அட்டவணையில் ஓர் எண் கொடுத்து, 'உறவு தெரியாது' என்று போட்டுவைத்தேன்.

பிறகு அத்தை கல்யாணத்து மொய் நோட்டு கிடைத்தது. நீ அதைப் பார்த்திருக்கிறாய், சிவப்பு அட்டை, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. 1962-ம் வருஷம். பக்கத்துக்கு இருபது வரி. ஊர், பெயர், தொகை. முக்கால்வாசிப் பேர் ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய். சிலர் மட்டும் பதினொன்று. தாய்மாமன் முறைக்காரர்கள் பெயர்தான் மேலே வரும் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் 'தொடர்பு' அட்டவணையில் ஏற்றினேன், மூன்று ராத்திரி ஆயிற்று. ஏற்றி முடித்து, 'ஒன்றுக்கு மேற்பட்ட தாளில் வருபவர்கள், ஆனால் உறவு தெரியாதவர்கள்' என்று ஒரு வினவல் போட்டேன். பேஸில் அதை குவெரி என்பார்கள். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அந்த 1951 சாட்சி. அதே பெயர், அதே ஊர், மொய் நோட்டில் இரண்டாவது வரி, பதினோரு ரூபாய். அத்தைக்குப் போன் போட்டு அந்த ஊரையும் பெயரையும் சொன்னதும், "அடியே, அது உன் பாட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி, நான் சின்னப் பிள்ளையில் அந்த வீட்டில்தான் கோடை லீவுக்கு இருப்பேன்" என்றார். நம் பாட்டியின் பிறந்த வீட்டுப் பக்கம் நமக்கு அதுவரை ஒரு பெயர்கூடத் தெரியாது. எந்த ஒரு தாளும் தனியாக அதைச் சொல்லவில்லை. இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. பெட்டியில் எத்தனை இருந்தாலும் அத்தனையும் வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயர் பேரனுக்கு. அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும், அப்பா பெயரும் அதே மாதிரி சுற்றி வருவதால் சில சமயம் முன்னெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த வீடுகளில், அந்தப் பெயர் வைத்த பிள்ளையைப் 'பெரியசாமி', 'ராஜா' என்று வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள். கடிதத்தில் அந்தப் பெயர்தான் வரும். ஆகவே 'வேறு பெயர்' என்று ஒரு கட்டம் வை. தாளில் உள்ள பெயரை மட்டும் ஒருபோதும் திருத்தாதே. சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்பிரமணி என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் 'தொடர்பு' அட்டவணையில் மூன்று விதமாகவே போடு. ஆள் எண் மூன்றையும் சேர்த்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் ஒரு மாதம் தொலைத்தேன். 'கௌரி' என்று தேடினால் ஒரே ஒரு தாள் வந்தது. எனக்குத் தெரிந்து நாலு இருக்க வேண்டும். மற்ற மூன்றிலும் ஒற்றைக் கொம்பு, க, பிறகு 'ள' என்ற எழுத்தைச் சேர்த்து 'கெளரி' என்று அடித்திருந்தேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு சொல். ஔகாரம் வரும் பெயர்களை ஒரு தடவை சரிபார். பழைய டிடிபி சென்டரில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வாங்கிய வம்சாவளி இருந்தால் அதை அப்படியே ஒட்டாதே, யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டு. இல்லாவிட்டால் உள்ளே எழுத்து இருந்தும் தேடினால் கிடைக்காது.

தேதிக்கு மூன்று கட்டம் வேண்டும். 'எழுதியபடி' ஒன்று, 'இதற்கு முன்னால் இல்லை' ஒன்று, 'இதற்குப் பின்னால் இல்லை' ஒன்று. அம்மா வழிப் பாட்டியின் ஜாதகத்தில் 'தாது வருஷம் ஆடி மாதம்' என்றிருக்கிறது. அதை அப்படியே முதல் கட்டத்தில் போடு. அறுபது வருஷச் சுழற்சியில் தாது 1876-லும் வரும், 1936-லும் வரும், 1996-லும் வரும். 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சம். இந்தப் பாட்டிக்கு 1936 என்பது வெளிப்படை. ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அந்த இரண்டு எல்லையையும் அடுத்த இரண்டு கட்டத்தில் போட்டால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திக்கொள்ளும். பாட்டியின் பாட்டிக்கு வரும்போது எந்தச் சுழற்சி என்ற சந்தேகம் வரலாம். ராசிக் கட்டத்தைப் பார், ஆனால் சனியையும் குருவையும் நம்பாதே. சனி ஏறக்குறைய முப்பது வருஷம், குரு பன்னிரண்டு வருஷம், இரண்டும் அறுபது வருஷத்தில் கிட்டத்தட்டப் பழைய ராசிக்கே வந்துவிடும். ராகுவைப் பார். அது சுற்றி வர பதினெட்டரை வருஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது, அறுபது வருஷம் கழித்து வேறு ராசியில்தான் நிற்கும். ஜோசியம் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

எக்செலில் இன்னொரு தொல்லை உண்டு. 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. அதற்காகவும்தான் பேஸ் என்றேன்.

தேதியே இல்லாத தாள்கள் நிறைய வரும். அவற்றை ஒதுக்கி வைக்காதே, தாளே சொல்லும். அணா கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னால். அந்த மாதம்தான் நூறு பைசா ரூபாய் வந்தது. 'ந.பை.' என்று இருந்தால் 1957-க்குப் பிறகு, 1964-ல் 'நயா' போய்விட்டது. பழக்கத்தில் இன்னும் கொஞ்ச நாள் எழுதியிருப்பார்கள், அதற்கு இடம் விட்டுக் குறி. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை. அரசு முத்திரையில் 'தமிழ்நாடு' என்றிருந்தால் பெரும்பாலும் 1969-லிருந்து. பெரிய தாத்தாவின் ஒரு கடிதத்தில் 'ரஜூலாவில் ஏறினேன்' என்று மட்டும் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போன அந்தக் கப்பல் கட்டப்பட்டது 1926-ல். அதனால் 'இதற்கு முன்னால் இல்லை' கட்டத்தில் 1926 என்று போட்டேன். கடிதத்தில் அணாவும் இருந்தது, மறு கட்டத்தில் 1957. முப்பத்தொரு வருஷ இடைவெளிதான், ஆனால் ஒன்றுமே தெரியாததற்கு இது எவ்வளவோ மேல். ஏன் அப்படிப் போட்டாய் என்பதையும் சுருக்கத்தில் ஒரு வரி எழுதிவை.

ஊருக்கும் இதே கதை. மாயவரம் என்றும் மாயூரம் என்றும் தாள்களில் இருக்கும், 1982-லிருந்து அது மயிலாடுதுறை. மாவட்டம் முதலில் தஞ்சாவூர், 1991-லிருந்து நாகப்பட்டினம், 2020-லிருந்து மயிலாடுதுறையே மாவட்டம். ஊர் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'ஊர்' என்று நாலாவதாக ஓர் அட்டவணை போட்டு, ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாப் பெயரையும் அதன் கீழ் போட்டுவிடு.

இப்போது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். பெண்கள். பெரியப்பா எழுதிவைத்த வம்சாவளியைப் பார், ஏழு தலைமுறை, அத்தனையும் ஆண்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் பையன்கள் மட்டும்தான். மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அதற்கு முந்தைய பத்திரங்களில் மகள்கள் பெரும்பாலும் இல்லவே இல்லை. அவர்களைக் கல்யாணப் பத்திரிகையிலும், சீர் எழுதிய நோட்டிலும், மொய் நோட்டிலும், கடிதத்தின் கடைசி வரியில் 'தங்கச்சிக்குப் பிரசவம் ஆச்சு' என்பதிலும்தான் தேட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு முன்னெழுத்து மாறும், ஊர் மாறும். ஆள் எண் மட்டும் மாறக் கூடாது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'பெயர் தெரியவில்லை, பாட்டியின் அம்மா' என்று ஓர் எண் கொடு. அப்பா வழிப் பாட்டிக்குப் பிறந்து தவறிய மூன்று குழந்தைகளுக்கும் நான் எண் கொடுத்திருக்கிறேன். ஒரு தாளும் கிடையாது, பாட்டி ஒரு தடவை பூக் கட்டிக்கொண்டே சொன்னதுதான்.

தாள் இல்லாவிட்டால் மூலம் என்ன என்று கேட்பாய். பேச்சும் ஒரு தாள்தான். யார் சொன்னது, எந்தத் தேதி, எந்த வீட்டில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி அதற்கும் எண் போடு. பாட்டி சொன்னது என்னிடம் 0388. பிற்பாடு அத்தை, மூன்று இல்லை, இரண்டுதான் என்றார். அதையும் வேறு எண்ணில் போட்டேன். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழ் ஒரு பிறந்த தேதியையும் ஜாதகம் வேறொரு தேதியையும் சொன்னாலும் இரண்டையும் வை. சேர்க்கும் வயசுக்கு வாத்தியார் போட்ட தேதி எத்தனை வீட்டில் இருக்கிறது! என் அனுபவத்தில் ஜாதகத்துக்குத்தான் எடை அதிகம்.

வம்ச மரத்துக்கு கிராம்ப்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நம் குடும்பங்களுக்கு அது ஒத்துப்போகிறது. மாமன் மகள், அக்கா மகள் கல்யாணத்தால் நம் மரம் திரும்பத் திரும்பத் தன்னோடேயே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காகிதத்தில் வரைந்தால் கோடு கோட்டின் மேல் ஏறும். அதில் ஆளை ஒரே தடவை பதிந்தால் போதும், எத்தனை வழியில் உறவு வந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். படத்தில் ஒருவரே இரண்டு இடத்தில் தெரிந்தால் பயந்து ஒன்றை அழித்துவிடாதே. சுவீகாரம் போன சித்தப்பாவைப் பெற்ற குடும்பத்திலும் வளர்த்த குடும்பத்திலும் காட்டலாம், பிறப்பா தத்தா என்று குறிக்கவும் இடம் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் மூலமும், அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் போடலாம். மூலம் என்ற இடத்தில் உன் தாள் எண்ணைப் போட்டுவிட்டால் பேஸும் கிராம்ப்ஸும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். மரத்தை மற்றவர்களுக்கு அனுப்ப ஜெட்காம் என்ற கோப்பாக எடு, வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் திறப்பார்கள். அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை விலக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்து. ஆதார் எண், பேங்க் பாஸ்புக் எதையும் இந்த டேட்டாபேஸுக்குள் கொண்டுவராதே.

பேஸ் கோப்பு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் அன்றைய வேலை போய்விடலாம், பதினைந்து வரிக்கு ஒரு தடவை சேமி. மாதம் ஒரு தடவை எல்லா அட்டவணையையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து வை. எந்த மென்பொருள் மறைந்தாலும் அது திறக்கும். எக்செலில் அதை நேரே திறந்து தமிழ் குப்பையாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதே, டேட்டா மெனு வழியாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துக் கொண்டுவா. ஒரு பிரதி உன்னிடம், ஒன்று கிளவுடில், ஒன்று பென்டிரைவில் என் வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் தண்ணீரில் ஊறின என்று நாம் பார்த்தோம். ஒரே ஊரில் எல்லாப் பிரதியும் இருக்கக் கூடாது.

லேமினேஷன் மட்டும் செய்யாதே. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தாத்தாவின் முதல் பத்திரத்தை நான் ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் மை பரவி, சாட்சிக் கையெழுத்து ஒன்று படிக்கவே முடியாமல் போயிற்று. பிரிக்கவும் வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான். துருப்பிடித்த குண்டூசியை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டுக் காகித உறையில் வை.

வேலையை நீ தனியாகச் செய்ய வேண்டாம், நான் அடுத்த மாதம் வருகிறேன். அதுவரை ஒன்று கேட்கிறேன். பெட்டிக்குள் அடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது என்றாயே, அதைக் கொட்டிவிடாதே, பிரித்து அடுக்கவும் செய்யாதே. அம்மா எந்தத் தாளை எந்தத் தாளோடு மடித்து வைத்தாள் என்பதும் நமக்கு வேண்டும். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் தாளுக்குள் எது இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே, எண் மட்டும் போட்டு வை. அந்தப் போட்டோவில் இருக்கும் நாலு பேரை அத்தையிடம் நான் காட்டுகிறேன், படத்தை இன்றைக்கே அனுப்பு, பின்பக்கத்தோடு.